எஃப்-டிராய்டு: கணக்குத் திறக்கச் சொல்லாத ஆப் கடை

ஆண்ட்ராய்டு போனில் ஆப் என்றாலே பிளே ஸ்டோர்தான் என்று பழகிவிட்டோம். எஃப்-டிராய்டு 2010-லிருந்தே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) மட்டும்தான் அங்கே, எல்லாம் இலவசம். பிளே ஸ்டோரில் தேடாதீர்கள், கிடைக்காது. அவர்கள் தளத்திலிருந்தே ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்க வேண்டும், போன் ஒருமுறை எச்சரித்து மிரட்டும், அனுமதி கொடுத்துவிட்டால் முடிந்தது வேலை. மின்னஞ்சல், போன் நம்பர் எதுவும் கேட்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆப்பின் பக்கம்தான். ஸ்டார் கிடையாது, எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கும் கிடையாது. ஆனால் ஆப்பின் குறையைக் கடையே எழுதி ஒட்டிவிடுகிறது: இது உங்களைப் பின்தொடர்கிறது, இது விளம்பரம் காட்டுகிறது, இது கட்டற்றதல்லாத ஒரு சேவையை நம்பியிருக்கிறது என்று. யூடியூப் வீடியோ பார்க்கப் பலரும் கொண்டாடும் நியூபைப் ஆப்புக்கே அந்தக் கடைசிக் குறி உண்டு, யூடியூபை நம்பி ஓடுகிறதே! இன்னும் கீழே போனால் பழைய பதிப்புகள் சில வரிசையாக இருக்கும், அப்டேட் சொதப்பினால் (புதியதை நீக்கிவிட்டு) முந்தையதைப் போட்டுக்கொள்ளலாம்.

கீபோர்டுக்கு ஹெலிபோர்டு போட்டுப் பாருங்கள். இணைய அனுமதியே கேட்காத கீபோர்டு அது. நாம் தட்டுகிற பாஸ்வேர்டு முதல் ஓடிபி வரை அதன் வழியாகத்தானே போகிறது, இதற்காகவே எஃப்-டிராய்டைப் போடலாம்.

சரி, தலைவலி எங்கே? வேகம். பெரும்பாலான ஆப்களை மூலநிரலிலிருந்து அவர்களே உருவாக்கி, தங்கள் டிஜிட்டல் கையொப்பமிட்டுத் தருகிறார்கள், அதனால் அப்டேட் பல நாள் பிந்தி வரும். கையொப்பம் வேறு என்பதால் பிளே ஸ்டோரில் போட்ட அதே ஆப்பின்மேல் இதை ஏற்றவும் முடியாது. வங்கி, யூபிஐ, வாட்ஸ்அப் எதுவும் இல்லை, ஆக பிளே ஸ்டோரை அடியோடு விட வழியில்லை.

இதற்கிடையில், சரிபார்க்கப்பட்ட டெவலப்பர்களின் ஆப்களை மட்டுமே நிறுவவிடுவோம் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது, 2026-ல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம். இது வந்தால் எங்கள் கதை முடிந்தது என்று எஃப்-டிராய்டு வெளிப்படையாகவே எதிர்த்தது, பிறகு விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்பதாகக் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. நம் போனில் எதைப் போடலாம் என்பதற்கு இன்னொருவரிடம் அனுமதி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

புதிதாக வருகிறவர்கள் விஎல்சி (வீடியோ), ஆன்டெனாபாட் (பாட்காஸ்ட்), ஆர்கானிக் மேப்ஸ் (வரைபடம்) என்று தொடங்கலாம். பிளே ஸ்டோரில் போட்டது ஏற்கெனவே போனில் இருந்தால் முதலில் பேக்கப் எடுத்துவிட்டு அதை நீக்குங்கள், ஆன்டெனாபாடின் செட்டிங்ஸிலேயே பேக்கப்புக்கு வசதி இருக்கிறது.