மேரியா, கான்சுவெலோவா? 1895-இன் இரண்டு கல்யாணங்கள்

1895-இல் அமெரிக்கக் கோடீஸ்வர வீட்டுப் பெண்கள் இருவர் பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஏப்ரலில், சிகாகோ வணிகர் லீவை லைட்டரின் மகள் மேரி வாஷிங்டனில் ஜார்ஜ் கர்சனை மணந்தார். நவம்பரில், ரயில்வே செல்வந்தர்களான வாண்டர்பில்ட் குடும்பத்துக் கான்சுவெலோ, மார்ல்பரோவின் 9-ஆம் டியூக்கை நியூயார்க்கில் கைப்பிடித்தார். இருவரில் யாருடைய வாழ்க்கை மேல்?

கல்யாணத்தை மட்டும் பார்த்தால் மேரிதான் கொடுத்துவைத்தவர். கர்சனை மனசாரக் காதலித்தார். அவர் பாமீர், ஆப்கானிஸ்தான் என்று பயணம் போக, நிச்சயமானதை வெளியே சொல்லாமல் காத்திருந்தார். கான்சுவெலோ விரும்பியதோ வின்த்ராப் ரதர்ஃபர்ட் என்பவரை. அம்மா ஆல்வா மகளை வீட்டில் அடைத்துவைத்துச் சம்மதிக்க வைத்தார். டியூக்குக்குச் சீதனமாகக் கிடைத்தது 25 லட்சம் டாலர் பெறுமானமுள்ள ரயில்வே பங்குகள்.

கர்சன் வைஸ்ராய் ஆனதும் மேரி இந்தியாவின் முதல் பெண்மணி ஆனார். பிரிட்டிஷ் மன்னரின் முடிசூட்டைக் கொண்டாடிய 1903 தில்லி தர்பாரில் அவர் உடுத்திய மயில் கவுனைச் சொல்லியே ஆக வேண்டும். துணி முழுக்க இந்தியக் கைவினைஞர்கள் ஜரிகையில் மயில்தோகை வேலைப்பாடு செய்ய, பாரிஸின் வொர்த் நிறுவனம் தைத்துக் கொடுத்தது. தோகைக் கண்களில் பதித்திருந்தது பச்சை வண்டின் இறக்கை ஓடுகள். மரகதம் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் கணவரின் பதவியைத் தாண்டி மேரிக்கென்று ஒரு வாழ்க்கை அமையவில்லை. 1904-இல் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவர், மறுபடி இந்தியாவுக்கே கணவரிடம் திரும்பினார். 1906-இல், 36 வயதில் இறந்தார். மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கே பத்து வயதுதான்.

அதே 1906-இல்தான் கான்சுவெலோ டியூக்கைப் பிரிந்தார். டியூக்கின் பிளெனிம் அரண்மனையில் இருந்தபோதே கான்சுவெலோவின் குணம் தெரிந்துவிட்டது. மேஜையில் மிஞ்சியதையெல்லாம் ஒரே தகர டப்பாவில் கலந்து அடைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். இறைச்சி, காய், இனிப்பு என்று தனித்தனியாக வைக்கச் சொன்னார் கான்சுவெலோ. வாங்குபவரும் ருசித்துச் சாப்பிட வேண்டும் என்று அங்கே முதலில் நினைத்தவர் அவர்தான்.

பிரிந்த பிறகு பெண்கள் நலப் பணிகளில் இறங்கி, 1917-இல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் உறுப்பினராகவும் ஆனார். 1921-இல் விவாகரத்து பெற்று, பிரெஞ்சுக்காரர் ஜாக் பல்சானை விரும்பி மணந்தார். 87 வயதுவரை வாழ்ந்தார்.

அதனால் என் ஓட்டு கான்சுவெலோவுக்கே. முதல் திருமணம் செல்லாது என்று 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபை தீர்ப்பளித்தது. அந்த விசாரணையில், மகளைக் கட்டாயப்படுத்தியது தான்தான் என்று சாட்சி சொன்னவர் ஆல்வாவேதான்.