ஒலித்தடுப்புச் சுவர் போட்டு நாலு வருஷம்: எது வேலை செய்தது, எது காசுக்குக் கேடு

சுவர் போட்ட புதிதில் இதை எழுதியிருந்தால் ஒரே புகழ்ச்சியாக இருந்திருக்கும். நாலு வருஷம் அந்த அறையில் தூங்கி எழுந்த பிறகு எழுதுவதால் கொஞ்சம் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் ஈசூனில் மறுவிற்பனையில் வாங்கிய 5 அறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. எனக்கு ஷிப்டு வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு. காலை எட்டரைக்கு வந்து நான் கட்டிலில் விழும் நேரமும் அப்பா கூடத்தில் டிவி போடும் நேரமும் ஒன்று. அவருக்குக் காது மந்தம். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன், காது வேர்க்கிறது என்று இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். அது போதாதென்று பையன் மிருதங்கம் கற்கிறான், பள்ளி விடுமுறையில் காலையிலேயே சாதகம்.

முதலில் எல்லாரையும் போல நானும் முட்டைத் தட்டு மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் பஞ்சை இணையத்தில் வாங்கி ஒட்டினேன். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், சுவரைத் தாண்டி வரும் சத்தத்தை ஒன்றும் செய்யாது. கனமே இல்லாத பொருள் சத்தத்தை எப்படி மறிக்கும்? எட்டு மாதத்தில் மஞ்சளாகித் தூசி படிந்து, பிய்த்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்தது. 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனதோடு சரி.

கூடத்துக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருந்தது, முன்பு இருந்தவர் செங்கல் சுவரை இடித்துவிட்டுப் போட்ட ஜிப்சம் போர்டு தடுப்பு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு போர்டு, நடுவில் இரும்புச் சட்டம், உள்ளே வெறும் காற்று. தட்டினால் டப்பா மாதிரி கேட்கும். இடிக்க அனுமதி வேண்டும் என்பதால் வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரையே பிடித்தோம். அவர் சொன்ன வழி சுலபமானது: இருக்கிற சுவர் மேலேயே சின்னச் சட்டம் அடித்து இன்னொரு போர்டு போட்டுவிடலாம். நல்லவேளை அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். அப்படிப் போட்டால் மூன்று அடுக்கு போர்டும் நடுவில் ஒடுங்கிய காற்று இடைவெளியும் வரும். அந்தக் காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி எழுப்புவது போன்ற அடித்தொனிச் சத்தத்தை முன்பைவிட மோசமாகக்கூட விடும். அதனால் அறைப் பக்கத்து போர்டைக் கழற்றி, உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) திணித்து, பழைய சட்டத்தைத் தொடாமல் 1 சென்டிமீட்டர் தள்ளிப் புதுச் சட்டம் நிறுத்தி, அதன் மேல் 12.5 மில்லிமீட்டர் போர்டு இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று வராதபடி. ஓரமெல்லாம் காய்ந்தாலும் மென்மையாகவே இருக்கும் ஒலித்தடுப்பு சீலண்ட். முதுகோடு முதுகாக இருந்த இரண்டு பிளக் பாயிண்டுகளையும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத் தள்ளி மாற்றினோம்.

போர்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, பழைய தடுப்பு கூரைவரை போகவே இல்லை! கூரைக்குக் கீழே தொங்கவிட்ட பால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டது. மேலே ஒரு சாண் திறந்த வெளி, அப்பாவின் சீரியல் அந்த வழியாக ராஜபாட்டையில் வந்துகொண்டிருந்திருக்கிறது. கான்கிரீட் வரை புதுச் சுவரை ஏற்றி அதை அடைத்தோம்.

இதில் ஒரு வேடிக்கை. துளையிடுவது, இடிப்பது போன்ற சத்தமான வேலைகளை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். அதாவது நான் தூங்கும் நேரம். அந்த ஒரு வாரமும் உட்லண்ட்ஸில் அக்கா வீட்டில் போய்ப் படுத்தேன்.

சுவருக்கு ஆன செலவு 2,800 வெள்ளி. இனி வருவதுதான் வயிற்றெரிச்சல். கைபேசிச் செயலியில் டெசிபல் அளந்தேன். அது துல்லியமானதல்ல, ஆனால் அதே கைபேசியை அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிடலாம். கூடத்தில் டிவி 70 என்றால் கட்டிலில் முன்பு 43. சுவர் போட்ட பிறகு 41. அவ்வளவுதான். அன்று இரவு மனைவி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வேலை செய்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் முதல் நாளே சொன்னார். "அண்ணே, சுவத்துக்கு இவ்வளவு செலவு பண்றீங்க, கதவுக்குக் கீழ இம்மாம் பெரிய சந்து இருக்கே." சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கதவு உள்ளே கூடான மெல்லிசுக் கதவு, அடியில் ஒரு விரல் இடைவெளி. சத்தம் தண்ணீர் மாதிரி, தொட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஓட்டை வழியாக ஒழுகிவிடும். இரண்டு மாதம் கழித்து, உள்ளே கூடு இல்லாத கனமான மரக்கதவு, சுற்றிலும் ரப்பர், மூடும்போது தானாகக் கீழே இறங்கி அடிச் சந்தை அடைக்கும் பட்டை என்று 1,150 வெள்ளிக்குப் போட்டேன். கட்டிலில் 31. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பார்கள், அப்படியேதான் இருந்தது. கதவையும் அந்தச் சீலிங் ஓட்டையையும் முதலில் பார்த்திருந்தால், சுவரை அப்புறம் நிதானமாக யோசித்திருக்கலாம்.

செலவே இல்லாத ஒரு மாற்றமும் செய்தோம். அந்தச் சுவரில் மாட்டியிருந்த டிவியைக் கழற்றி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனோம். நேராகச் சுவருக்குள் இறங்கிய அதிர்வு நின்றது.

இப்போது நாலு வருஷக் கணக்கு. அப்பா டிவியில் யார் பேசுகிறார்கள் என்றே தெரிவதில்லை, ஏதோ முணுமுணுப்பு மட்டும். மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலையின் சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது, தொப்பியின் தொம் மட்டும் இன்னமும் வருகிறது. அடித்தொனியை இந்தக் கனத்தில் ஒரு சுவர் முழுதாக நிறுத்தாது, யாராவது நிறுத்தும் என்று விற்றால் நம்பாதீர்கள். பையனைத் தூர மூலைக்கு மாற்றி, அடியில் கெட்டி ரப்பர் பாயும் அதன் மேல் கம்பளமும் போட்டதில் கொஞ்சம் குறைந்தது, கீழ்வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

கதவு கனம் என்பதால் ஒன்றரை வருஷத்தில் கீல் திருகுகள் தளர்ந்து மேல் மூலையில் நூலிழை இடைவெளி விழுந்தது. திடீரென்று சீரியல் வசனம் புரிய ஆரம்பித்தபோதுதான் கவனித்தேன். நீளமான திருகு போட்டுச் சரிசெய்தோம். ரப்பரும் நசுங்கும், மூன்றாம் வருஷம் மாற்றினேன். சீலண்ட் மட்டும் இன்றுவரை வெடிக்கவில்லை. அறை 9 சென்டிமீட்டர் குறுகியதில் அலமாரிக் கதவு முழுதாகத் திறக்காது, இடித்துக்கொண்டு நிற்கும். கதவை மூடினால் காற்றே வராது, ஏர்கான் இல்லாமல் பத்து நிமிஷம் இருக்க முடியாது.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் வருஷம் ஒரு நாள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் இரண்டு கதவு தள்ளிப் படுத்திருந்தேன், கேட்கவில்லை. மனைவி கடையிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. பெரிய அடி இல்லை, முழங்கையில் வீக்கம் மட்டும். ஆனால் அன்றைக்கு அந்தச் சுவரை உடைத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. மறுநாளே குளியலறையிலும் அவர் கட்டிலருகிலும் கம்பியில்லா மணிப் பொத்தான் வைத்து, ஒலிப்பானை என் தலைமாட்டில் வைத்தேன். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ இருந்தால் சுவர் போடுகிற அன்றே மணியையும் வாங்கிவிடுங்கள். அப்பா இப்போது அதைத் தேநீர் குடிக்க எழுப்புவதற்கும் அழுத்துகிறார், அது வேறு கதை.

வீட்டுச் சத்தம் அடங்கியதும் அதுவரை அது மறைத்துவைத்திருந்த மற்றதெல்லாம் வெளியே வந்தது. மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது, யாரோ சம்பல் இடிப்பது. இவை கான்கிரீட் வழியாக இறங்குபவை, சுவரால் ஆகாது. அப்புறம் குயில். இரவு வேலை இல்லாத நாட்களில் விடிவதற்கு முன்பே ஜன்னலுக்கு வெளியே ஆரம்பித்துவிடும். கவிஞர்கள் குயிலைப் பாடியதெல்லாம் ஷிப்டு வேலைக்குப் போகாததால்தான் என்று நினைக்கிறேன்.

ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா என்று விலை விசாரித்திருக்கிறேன். தொகையைக் கேட்டதும் மனைவி, முதலில் அலமாரிக் கதவைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.