சர்க்கரை நோயாளிகளிடம் "கிட்னி என்சைம் பேக்கேஜ்" விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், இதைப் படித்த கையோடு அவர்களுடைய கடைசி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று பார்த்திருக்கிறார்களா? சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் போட்டிருக்கிறதா? இரண்டும் இல்லாமல் ரத்த என்சைம்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தால், அந்த ரிப்போர்ட் எத்தனை பக்கம் இருந்தாலும் சிறுநீரகத்தை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. அதோடு நிற்காமல் தேவையான மாத்திரையையும் நிறுத்த வைத்துவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 63. டைப் 2 சர்க்கரை. பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், பிரஷருக்கு ராமிப்ரில். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனை நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "சர்க்கரை இருக்கறவங்களுக்குன்னே தனியா ஒரு கிட்னி என்சைம் பேக்கேஜ் இருக்கும்மா. கிட்னி கெட்டுப்போறதுக்கு முன்னாடியே என்சைம் காட்டிக் கொடுத்துடும்" என்று பேசியிருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனதின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் பயம் கிட்னியும் கண்ணும்தான். அதைத் தெரிந்துகொண்டு பேசும்போது யாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

ரிப்போர்ட் வழுவழுவென்று புத்தகம் மாதிரி வந்தது. முதல் பக்கத்தில் அரைவட்டமாக ஒரு மீட்டர், முள் சிவப்பில் நிற்கிறது, கீழே "சிறுநீரக அபாயம்: அதிகம்". உள்ளே ரத்த என்சைம்களின் பட்டியல்: ஜி.ஜி.டி., எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்ஃபடேஸ், எல்.டி.எச்., அமைலேஸ், லைபேஸ். இதில் ஜி.ஜி.டி. மட்டும் நார்மல் அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அதை வைத்துத்தான் முள்ளைச் சிவப்புக்குத் தள்ளியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "கிரியாட்டினின் 1.1, நார்மல்" என்று ஒரு வரி. சிறுநீர் மாதிரி கேட்கவே இல்லை.

அப்புறம் "ஆலோசகர்" என்று ஒருவர் போன் செய்தார். அவர் டாக்டரா என்று அம்மா கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை அடித்துச் சொன்னார். ஒன்று, அவர்களுடைய என்சைம் கேப்சூலைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். இரண்டாவது, "அந்த பிரஷர் மாத்திரைதான் உங்க கிட்னியை அரிக்குது, முதல்ல அதை நிறுத்துங்க." அம்மா நிறுத்திவிட்டார். வழக்கமான டாக்டரிடம் போனபோதுதான் பிரஷர் ஏறிக் கிடந்ததும், விசாரித்ததில் கேப்சூல் கதையும் வெளியே வந்தது.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் புரட்டி, முன்பக்க மீட்டரை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்து 1.1-இல் விரலை வைத்தார். கிரியாட்டினின் என்சைமே கிடையாது. தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். அந்த எண்ணை வயதும் ஆணா பெண்ணா என்பதும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று தெரியும். அதுதான் இ.ஜி.எஃப்.ஆர். அதே 1.1 ஒரு 25 வயது இளைஞனுக்கு இருந்தால் 95 பக்கம் வரும், கவலை இல்லை. 63 வயதுப் பெண்ணுக்கு 56 வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆக, "நார்மல்" என்று போட்டிருந்த வரியில்தான் உண்மையான எச்சரிக்கை இருந்தது. சிவப்பில் காட்டியதற்கும் கிட்னிக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார்கள். 30-க்குக் கீழே இருக்க வேண்டியது 180 இருந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி, சர்க்கரை மிக அதிகமாக இருப்பது, இவற்றாலும் இது தற்காலிகமாக ஏறலாம் என்பதால் இடைவெளி விட்டு மறுபடியும் எடுத்தார்கள். இ.ஜி.எஃப்.ஆரையும் மறுபடி பார்த்தார்கள். இரண்டுமே பெரிதாக மாறவில்லை.

சிறுநீரகத்தின் வடிகட்டி நுண்ணிய சல்லடை மாதிரி. ஆல்புமின் என்ற புரதத்தை அது ரத்தத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். சர்க்கரை நீண்ட காலம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் அந்தச் சல்லடை பழுதாகி ஆல்புமின் கசியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் வலி, வீக்கம், நுரை எதுவும் இல்லாமலேகூட இருக்கும். கிரியாட்டினினும் ஏறியிருக்காது. சிறுநீரில் குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் சிறிய கசிவு தப்பிவிடும். இந்த விகிதப் பரிசோதனையில்தான் பிடிபடும். டைப் 2 என்றால் சர்க்கரை கண்டுபிடித்த அன்றிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை, டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து அதே மாதிரி வருடா வருடம் பார்க்க வேண்டும் என்பது எல்லா டாக்டர்களும் அறிந்த வழிகாட்டுதல். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே போட்ட பேக்கேஜில் இதை விட்டதை மறதி என்று என்னால் ஏற்க முடியாது. இதை வைத்து கேப்சூல் விற்க முடியாது, அவ்வளவுதான்.

என்சைம் பரிசோதனைகளே மோசடி என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி.யும் ஜி.ஜி.டி.யும் முக்கியமாகக் கல்லீரலைப் பற்றிச் சொல்பவை. டைப் 2 உள்ளவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் சாதாரணமாக இருப்பதால் ஜி.ஜி.டி. கொஞ்சம் ஏறியிருப்பதும் சாதாரணம். அமைலேஸும் லைபேஸும் கணையத்துக்கு. சிறுநீரகம் ரொம்பவே பழுதானால் இவை ரத்தத்தில் தேங்கி உயரலாம், ஆனால் அதற்குள் கிரியாட்டினின் எப்போதோ காட்டிக் கொடுத்திருக்கும். ஜி.ஜி.டி. அதிகமாக உள்ளவர்களிடம் சிறுநீரக நோயும் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, அந்த நிறுவனமும் அதைத்தான் காட்டியது. ஆனால் பெருங்கூட்டத்தில் இரண்டும் சேர்ந்து தென்படுகிறது என்பதற்காக, ஒருவருடைய ஜி.ஜி.டி.யைப் பார்த்து அவருடைய கிட்னி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு ஆத்திரம் அதிகமாக வருவது மாத்திரை விஷயத்தில்தான். இந்தக் கதை முழுக்க என்சைம் என்சைம் என்கிறார்களே, சிறுநீரகத்துக்காக ஒரு என்சைமை உண்மையிலேயே அடக்கிவைக்கும் மருந்து அம்மாவிடம் ஏற்கெனவே இருந்தது. ராமிப்ரில், எனாலாப்ரில் போன்றவை ஏ.சி.இ. என்ற என்சைமைத் தடுப்பவை. அதனால் வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது, ஆல்புமின் கசிவும் குறைகிறது. டைப் 1 உள்ளவர்களிடம் இந்த வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் சிறுநீரகப் பழுதைத் தாமதப்படுத்துகிறது என்று 1993-லேயே பெரிய ஆய்வு வந்துவிட்டது. இதற்கு அண்ணன் தம்பி போன்ற லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் மருந்துகளுக்கு டைப் 2 உள்ளவர்களிடம் அதே மாதிரி ஆய்வுகள் 2001-இல் வந்தன. இந்த மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறுவதை டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். பொட்டாசியத்தையும் சேர்த்து ரத்தத்தில் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சின்ன ஏற்றத்தைக் காட்டித்தான் "மாத்திரை கிட்னியை அரிக்கிறது" என்று பயமுறுத்துகிறார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், போனில் பேசுபவர் அல்ல.

கேப்சூல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்சைம் என்பது புரதம். விழுங்கினால் மற்றப் புரதம் போல வயிற்றிலும் குடலிலும் பெரும்பாலும் செரித்துப்போகும். கணையம் சுரக்காதவர்களுக்கு டாக்டர் கொடுக்கும் என்சைம் கேப்சூல் நிஜமான மருந்து, அதற்குக் குடலிலேயே வேலை. இவர்கள் விற்ற டப்பாவில் "மூலிகைக் கலவை" என்றும் இருந்தது, என்ன மூலிகை என்று இல்லை. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்கு சிறுநீரகம் செயலிழந்ததை 1993-இல் மருத்துவ இதழ் வெளியிட்டது. கலவையில் இருந்த அரிஸ்டலோகிக் அமிலம்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "இது வெல்னஸ் ஸ்கோர், நோயைக் கண்டறியும் பரிசோதனை அல்ல என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறோம்" என்றார்கள். போட்டிருக்கிறார்கள்தான், பின் அட்டையில் சாம்பல் நிற எழுத்தில். மாத்திரையை நிறுத்தச் சொன்னதைப் பற்றிக் கேட்டதும் "எங்கள் ஆலோசகர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்று முடித்துக்கொண்டார்கள். பேச்சு பதிவாகவில்லை, அதனால் அந்த இடத்தில் எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. உங்களுக்கு இப்படிப் போன் வந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். என்னென்ன பரிசோதனை, யார் சொல்கிறார், அவர் டாக்டரா, எந்த மாத்திரையை எதற்காக நிறுத்தச் சொல்கிறார் என்று எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

அம்மா மறுபடி ராமிப்ரில் சாப்பிடுகிறார், கூடவே சிறுநீரகத்தையும் காக்கும் சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார்கள். வலிக்கு இஷ்டத்துக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆல்புமின் விகிதம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் மீது ரிப்போர்ட், ரசீது, கேப்சூல் டப்பாவின் படம் மூன்றையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி மீட்டர் போட்ட ரிப்போர்ட் உங்களிடம் இருந்தால் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.