ஃபேடர் கரகரன்னா கிளீன் பண்றதா, மாத்திடறதா?

சவுண்ட் மிக்ஸர்ல ஒரு சேனல் ஃபேடர, அதாவது சத்தத்த ஏத்தி எறக்க மேலயும் கீழயும் தள்ளற லீவர, மேல தள்ளும்போது கரகரன்னு வருது, இல்ல பாதி வழியில சத்தம் அறுந்து போயிட்டு திரும்ப வருது. வீட்ல உக்காந்து பண்ணக்கூடியது ரெண்டு வழிதான், கிளீனர் அடிச்சு பாக்கறது, இல்ல ஃபேடரயே கழட்டிட்டு புதுசு போடறது. என் மிக்ஸருக்கு நான் ரெண்டாவதுதான் பண்ணேன், என் ஓட்டும் அதுக்குத்தான்.

மொதல்ல ஃபேடர்தான் காரணமான்னு பாத்துக்கோங்க. சத்தம் வந்து வந்து போச்சுன்னா பல நேரம் அது இன்சர்ட் ஜாக் (வெளி எஃபெக்ட் கருவிய சேனலுக்கு நடுவுல சேக்கற துளை) வேலை, அந்த ஜாக்குக்குள்ள ஒரு ஸ்விட்ச் காண்டாக்ட் இருக்கு, அதுல களிம்பு ஏறினா சிக்னல் அங்கயே நின்னுடும். சும்மா ஒரு ப்ளக்க அதுல நாலஞ்சு வாட்டி சொருகி எடுங்க, சரியாயிடுச்சுன்னா மிக்ஸர தொறக்கவே வேணாம்.

கிளீன் பண்றதுல என்ன லாபம்னு எல்லாருக்கும் தெரியும், சால்டரிங் வேண்டாம், உடனே முடியும், ஒரிஜினல் பாகம் அப்படியே இருக்கும். சாதாரண ஃபேடர்ல கார்பன் ட்ராக் மேல மெல்லிசான உலோக விரல் உரசிக்கிட்டு போகுது, நடுவுல தூசியும் காஞ்ச கிரீஸும் சேந்தா கரகர. வெறும் தூசின்னா கிளீனர் நல்லாவே கேக்கும். ஆனா கையில கெடச்ச ஸ்ப்ரேய அடிக்கக்கூடாது, வீரியமான காண்டாக்ட் கிளீனர் அழுக்கோட சேத்து கிரீஸையும் கழுவிடும், அப்புறம் லீவர் வழவழப்பு போய் வறண்டு ஓடும், விரல் நேரா கார்பனையே சொரண்டும். டீஆக்ஸிட்ங்கற கிளீனர் பிராண்ட்லயே டி5 உலோக காண்டாக்ட்டுக்கு, ஃபேடருக்குன்னு எஃப்5 தனியா இருக்கு, வாங்கும்போது அத பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, மேல இருக்க சந்து வழியா அடிச்சா அழுக்கு வெளிய வராது, கரைஞ்சு இன்னும் உள்ளதான் எறங்கும். ட்ராக்கே தேஞ்சு போயிருந்தா எந்த கிளீனரும் கார்பன திரும்ப கொண்டு வராது.

இப்ப நான் மாத்துற பக்கம் சாஞ்சதுக்கு உண்மையான காரணத்துக்கு வரேன், அது ஃபேடர பத்தினதே இல்ல, மிக்ஸர தொறக்கற வேலை. சின்ன மிக்ஸர் நிறையத்துல எல்லா சேனலும் ஒரே பெரிய போர்டுலதான் இருக்கும், அந்த போர்டு மேல் தகட்டோட ஒட்டிக்கிட்டு நிக்கறதே குமிழ்களோட தண்டும் ஜாக்குங்களோட நட்டும் இருக்கறதாலதான். அதனால ஒரே ஒரு ஃபேடர தொடணும்னாலும் அத்தன குமிழையும் புடுங்கணும், ஒவ்வொரு ஜாக் நட்டையும் சுத்தி கழட்டணும், எக்ஸ்எல்ஆர் (மைக் சொருகற மூணு பின் சாக்கெட்) ஸ்க்ரூ எல்லாம் எடுக்கணும், ரிப்பன் கேபிள் எது எங்க போகுதுன்னு போட்டோ புடிச்சு வச்சுக்கணும். இவ்வளவும் பண்ணி ஃபேடர் முன்னாடி வந்து உக்காந்துட்டு வெறும் கிளீனர் அடிச்சுட்டு திரும்ப மூடறது, கிணறு தோண்டி தண்ணி வந்ததும் ஒரு டம்ளர் குடிச்சுட்டு மண்ணப்போட்டு மூடற மாதிரி இருக்கு. கொஞ்ச நாள்ல அதே சேனல் மறுபடி கரகரன்னா இந்த மொத்த வேலையும் முதல்ல இருந்து, அதுவும் ரிப்பன் கேபிள் கனெக்டர் எல்லாம் தெனம் புடுங்கி சொருகறதுக்கு செஞ்சது கெடையாது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். அதனால ஒருக்கா தொறந்தா அதிகம் ஓடற சேனல், மாஸ்டர் எல்லாத்தையும் சேத்து மாத்திடறதுதான் எனக்கு கணக்குக்கு வருது.

உங்க மிக்ஸர் சேனலுக்கு சேனல் தனி போர்டா வர்ற பெரிய வகைன்னா, இல்ல கிராஸ்ஃபேடர் (ஒரு பாட்டுலருந்து இன்னொண்ணுக்கு மாத்தற படுக்க ஃபேடர்) ரெண்டு மூணு ஸ்க்ரூவுல கையோட வந்துடற டீஜே மிக்ஸர்னா, நான் மேல சொன்ன கதையே கெடையாது, தாராளமா மொதல்ல கிளீன் பண்ணி பாருங்க.

மாத்தறதுல கஷ்டம் சரியான ஃபேடர் தேடறதுதான். ட்ராக் நீளம் 60 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா, மோனோவா ஸ்டீரியோவா, லீவர் தகடு எவ்வளவு அகலம், கால்கள் எந்த இடத்துல இருக்கு, எல்லாம் ஒத்து வரணும். மேல 10கே ஏ-ன்னு போட்டிருந்தா 10கே ரெசிஸ்டன்ஸ், ஏ-ன்னா பொதுவா லாக் (ரெசிஸ்டன்ஸ் மொதல்ல மெதுவா, அப்புறம் வேகமா ஏறும்), பி-ன்னா லீனியர் (ஒரே சீரா ஏறும்), ஆனா பழைய ஐரோப்பிய பாகங்கள்ல ஏ-ன்னா லீனியரா இருக்கும், அதனால எழுத்த நம்பாம கழட்டின பழசுல லீவர நடுவுல வச்சு கீழ் முனை காலுக்கும் உரசற விரலோட காலுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ மீட்டர்ல பாருங்க, மொத்தத்துல கிட்டத்தட்ட பாதி காட்டினா லீனியர், ரொம்ப கம்மியா காட்டினா லாக். பழச எடுக்கும்போது ஈயம் லேசுல உருகாது, கிரவுண்டுக்கு போற கால் சூட்ட இழுத்துக்கும், புதுசா கொஞ்சம் ஈயம் வச்சு கலந்து விட்டு அப்புறம் உறிஞ்சுங்க, வலுவா இழுத்தா பேட் (போர்டுல கால ஒட்டற செம்பு வட்டம்) பிஞ்சு வந்துடும். பவர் சப்ளை உள்ளயே இருக்க மாடல்னா ப்ளக்க எடுத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அந்த பக்கம் கை வைக்காதீங்க.

புது ஃபேடர் போட்டும் கரகரங்குதா? அப்ப பெரும்பாலும் முன்னாடி இருக்க கப்ளிங் கெப்பாசிட்டர் (சத்தத்த விட்டுட்டு டிசிய தடுக்கறது) லீக் ஆகி ஃபேடர் மேல டிசி வருது, ட்ராக் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் நகத்தும்போது அந்த டிசி சத்தமா கேக்கும். மீட்டர டிசி மில்லிவோல்ட்ல வச்சு ஃபேடர் கால்ல பாத்தா தெரிஞ்சுடும். இத மாத்தறதுக்கு முன்னாடியே பாத்துட்டா ஃபேடர் காசே மிச்சம். ஆனா விசிஏ (வோல்டேஜால சத்தத்த ஏத்தி எறக்கற சர்க்யூட்) வச்ச மிக்ஸர்ல ஃபேடர்ல ஓடறதே டிசி கண்ட்ரோல் வோல்டேஜ்தான், அங்க இந்த டெஸ்ட் செல்லாது.

பழைய பெரிய கன்சோல்ல வர்ற பென்னி அண்ட் ஜைல்ஸ் மாதிரி ஃபேடர் இருந்தா மாத்த நெனைக்காதீங்க, அது பிரிச்சு சுத்தம் பண்ற மாதிரியே செஞ்சது. தானா நகர்ற மோட்டார் ஃபேடர் நான் அதிகம் தொட்டதில்ல, அதுல ட்ராக்கோட பெல்ட்டு, மோட்டார், தொடுறத கண்டுபுடிக்கிற லைன்னு எல்லாம் சேந்து வருது, மாத்தின பிறகு கேலிப்ரேஷனும் ஓட்டணும், அதுல கிளீன் பண்றது நல்லதா மாத்தறது நல்லதான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது.