ஸ்விட்சில் மரியோ ஓடுகிறது. மற்ற கம்பெனி சரக்கு ஏன் தேங்குகிறது?

பர்மா பஜாரில் பழைய கேம் கார்டு வாங்கி விற்கிற கடை ஏதாவது ஒன்றில் நின்று ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ என்ற கார் ரேஸ் கேம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் புதுசின் விலைக்குப் பக்கத்தில்தான் சொல்வார்கள். பேரம் பேசினாலும் பெரிதாக இறங்காது. அடுத்து கையில் இருக்கும் பழைய ஃபிஃபா கால்பந்து கேம் கார்டை நீட்டிப் பாருங்கள். ‘இது போவாது சார்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

டிவியிலும் கையிலும் ஆடக்கூடிய கேம் மெஷினான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று வெளியானது. இதுவரை 15 கோடிக்கு மேல் விற்ற மெஷின். நிண்டெண்டோவின் சொந்த கேமான மரியோ கார்ட் 8 டீலக்ஸ் மட்டும் 6 கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனை வீட்டில் இருக்கிற மெஷினில் வெளிக் கம்பெனிகளின் பெரிய கேம்கள் படுத்துக்கொண்டால், ‘நிண்டெண்டோ ரசிகர்கள் வேறு எதையும் தொடமாட்டார்கள்’ என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அது சோம்பேறித்தனமான பதில். தொடுகிறார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறார்கள்.

முதலில் மெஷினைப் பார்ப்போம். பெட்டிக்குள் ஜாய்-கான் என்ற குட்டி கண்ட்ரோலர் இரண்டு வரும். ஒன்றைப் படுக்கவைத்துப் பிடித்தால் அதுவே தனி கண்ட்ரோலர். ஆக, வாங்கிய அன்றே இரண்டு பேர் உட்காரலாம். இன்னொரு ஜோடி வாங்கினால் நாலு பேர். மரியோ கார்ட் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. ஸ்மார்ட் ஸ்டியரிங், ஆட்டோ ஆக்சிலரேட் இரண்டையும் ஆன் செய்தால், ஆறு வயதுப் பிள்ளை பட்டனே அழுத்தாவிட்டாலும் வண்டி ரோட்டை விட்டு விழாது. பக்கத்தில் அண்ணன் முழு வேகத்தில் டிரிஃப்ட் அடித்துக்கொண்டிருக்கலாம். கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்காருவது போலத்தான். ஆடத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே பலகை.

 

இப்போது சுடுகிற கேமான ‘டூம்’ போடுங்கள். இரண்டு ஜாய்-கானும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். ‘விட்சர் 3’யும் அப்படியே, அதுவும் பல பத்து மணி நேரம் தனியாக உட்கார வேண்டிய கேம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹால், ஒரு டிவி, அதில் சாயங்காலம் சீரியல் என்று இருக்கிற வீட்டில் அத்தனை மணி நேரம் டிவியை யார் விட்டுக்கொடுப்பார்கள்? தனியாக ஆடுகிறவன் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகலாம். அங்கே 6.2 அங்குலம், 720பி திரை. முதல் மாடலில் கனமான கேமுக்கு பேட்டரி இரண்டரை மணி நேரம்தான் நிற்கும்.

கால்பந்து இதைவிடத் தெளிவான உதாரணம். வியாசர்பாடிப் பக்கம் பந்து இல்லாத தெரு அபூர்வம். ஃபிஃபா இங்கே தானாக விற்க வேண்டிய சரக்கு. ஆனால் ஸ்விட்சுக்கு என்ன வந்தது? ஃபிஃபா 18-ல் மற்ற மெஷின்களில் இருந்த கதைப் பகுதி இல்லை. அங்கே இருந்த ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினும் (ஆட்டத்தை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருள்) இல்லை. ஃபிஃபா 20 முதல் 23 வரை நாலு வருஷமும் ‘லெகஸி எடிஷன்’ என்று அட்டையில் போட்டு விற்றார்கள். ஜெர்சியும் வீரர் பட்டியலும் புதுசு, ஆட்டம் பழசு. ஃபிஃபா என்ற பெயர் மாறி 2023-ல் வந்த எஃப்சி 24-ல்தான் ஃப்ராஸ்ட்பைட் ஸ்விட்சுக்கு வந்து சேர்ந்தது. ஒற்றை ஜாய்-கானைப் படுக்கவைத்து ஆடினால் இன்னொரு குறை: ஸ்கில் மூவ் (எதிராளியை ஏமாற்றும் பந்து வித்தை) செய்ய வேண்டிய வலது ஸ்டிக்கே அதில் கிடையாது. ஒரு தடவை இப்படி வாங்கியவன் அடுத்த வருஷம் எப்படி வருவான்? அவன் வராததைக் காட்டி, ‘ஸ்விட்சில் கால்பந்து போகவில்லை’ என்று அடுத்த கேமுக்கு இன்னும் சின்ன டீமைப் போடுவார்கள். பாதிச் சரக்கைத் தந்துவிட்டு வியாபாரம் இல்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

தாமதமும் விலையும் அடுத்த சிக்கல். ‘ஸ்கைரிம்’ 2011-ல் வந்த கேம். ஸ்விட்சுக்கு 2017 நவம்பர் 17 அன்று 60 டாலருக்கு வந்தது. 2016-ல் வந்த டூம் அதே நவம்பர் 10-ல் வந்தது. இரண்டுக்கும் முன்னால், அக்டோபர் 27 அன்று, புத்தம் புது ‘சூப்பர் மரியோ ஒடிஸி’யும் அதே 60 டாலருக்கு வந்துவிட்டது. ஒரு கேமுக்குத்தான் காசு என்றால் எதை எடுப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

அதோடு, நிண்டெண்டோ தன் கேம் விலையை லேசில் குறைக்காது. வெளிக் கம்பெனிகள் சில மாதத்திலேயே பாதி விலைக்கு இறக்கிவிடும். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதா என்ன? ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும் என்று தெரிந்தால் ஆனியில் யாரும் பர்ஸைத் திறக்கமாட்டார்கள். முதல் வார விற்பனை அடி வாங்குவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

தொழில்நுட்பத்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே டெக்ரா எக்ஸ்1 சிப், 4 ஜிபி ரேம். மற்ற மெஷின்களில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய டூம் இதில் 30. விட்சர் 3 கையில் வைத்து ஆடும்போது 540பி அளவுதான். ஆனாலும் விட்சரைக் குறை சொல்ல மனசு வரவில்லை: இரண்டு பெரிய கூடுதல் கதைகளோடு மொத்தத்தையும் 32 ஜிபி கார்டுக்குள்ளேயே அடைத்துக் கொடுத்தார்கள். இப்படி மெனக்கெட்டவர்கள் குறைவு.

கார்டு விஷயம்தான் நம் ஊரில் நேராகக் கையைக் கடிப்பது. கார்டை கேம் கம்பெனி நிண்டெண்டோவிடமிருந்து வாங்க வேண்டும். கொள்ளளவு கூடக் கூட விலையும் கூடும். புளூ-ரே டிஸ்க் அவர்களுக்கு மலிவு, அதில் 50 ஜிபி போகும். அதனால் சின்ன கார்டாக வாங்கி, மீதியை நெட்டில் இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். ‘எல்.ஏ. நோயர்’ கார்டு வாங்கினாலும் 14 ஜிபி டவுன்லோட் உண்டு. முதல் ஸ்விட்சின் 32 ஜிபியில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 26 ஜிபி. அதில் இது ஒன்றே பாதியைத் தின்றுவிடும். ‘என்பிஏ 2கே18’க்கு தனி மைக்ரோ எஸ்டி கார்டே கட்டாயம். ‘ரெசிடென்ட் ஈவில் ஆரிஜின்ஸ் கலெக்‌ஷன்’ பெட்டியில் இரண்டு கேம். கார்டில் இருப்பது ஒன்றுதான், இன்னொன்றுக்கு டவுன்லோட் செய்யும் ரகசிய எண் எழுதிய தாள். அந்த எண்ணை ஒருவர் பயன்படுத்திவிட்டால் அடுத்தவருக்கு அது வெறும் தாள். செகண்ட் ஹாண்டில் மரியோ கார்டின் விலை இறங்காமல் நிற்பதற்கும் இவற்றின் விலை விழுவதற்கும் பெரிய காரணம் இதுதான்: ஒன்று போட்டதும் ஓடும், மற்றது போட்டதும் வைஃபை கேட்கும்.

கிளவுட் வெர்ஷன் என்று ‘கண்ட்ரோல்’ போன்ற கேம்களையும் விற்றார்கள். கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், நமக்குப் படம் மட்டும் வரும். பட்டன் அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிப்பான். இலவச சோதனை இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இது இன்று நேற்று வந்த நோயும் இல்லை. நிண்டெண்டோ 64 என்ற பழைய மெஷினின் கார்ட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 எம்பி. அந்த இடம் போதாமல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ 1997-ல் மூன்று சிடியில் பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது. 2006-ல் வந்த நிண்டெண்டோவின் வீ மெஷின், எதிராளிகள் எச்டிக்குப் போன பிறகும் 480பியில் நின்றது. அதற்கென்று தனியாக வேலை செய்ய வேண்டியிருந்ததால், பலர் அவசரத்துக்கு மினி கேம் தொகுப்புகளை வாரி இறைத்தார்கள். அதே வீயில் யூபிசாஃப்டின் ‘ஜஸ்ட் டான்ஸ்’ சக்கைப்போடு போட்டது. ஆளுக்கொரு ரிமோட்டைக் கையில் பிடித்துக் குடும்பமே ஆடலாம் என்றால் விற்காதா? ஸ்விட்சிலும் இதே கதைதான். கேப்காம் ‘மான்ஸ்டர் ஹன்டர் ரைஸ்’ஸை முதலில் ஸ்விட்சுக்கென்றே செய்தது, 2021 மார்ச்சில் சில நாட்களிலேயே 40 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின. நாலு பேர் ஆளுக்கொரு மெஷினோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெட் இல்லாமலே சேர்ந்து வேட்டையாடலாம். ‘ஓவர்குக்டு 2’வை ஒற்றை ஜாய்-கானிலேயே ஆடலாம். வெளிக் கம்பெனி கேம் வாங்குவதென்றால் இந்த வரிசையில் ஆரம்பியுங்கள்.

வாங்கும்போது சில விஷயங்கள். நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப் இந்தியாவுக்குக் கிடையாது. அமெரிக்கா மாதிரி வேறு நாட்டுக் கணக்குத் திறந்து, அதே நாட்டு பிரீபெய்டு இ-ஷாப் கார்டால் பணம் ஏற்ற வேண்டும். எந்த நாட்டு கேம் கார்டும் ஓடும். ஆனால் கூடுதல் பகுதி வாங்கினால் அது கார்டின் நாட்டுப் பகுதியோடு பொருந்த வேண்டும். பழைய மெஷின் என்றால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே போன் ஹாட்ஸ்பாட் போட்டு இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே விடாமல் எரர் வந்தால் அது யாரோ உள்ளே நோண்டியதால் நிண்டெண்டோ தடை செய்த மெஷினாக இருக்கலாம். டவுன்லோட் எண்ணும் டவுன்லோடும் அதில் உதவாது.

அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். தட்டைப் பின்னாக இருந்தால் கன்வர்ஷன் பின் போதும், ஸ்டெப்-டவுன் தேவையில்லை. டிவியில் படம் வர, மெஷினைச் செருகும் ஸ்டாண்டான டாக்குக்கு 15 வோல்ட், 2.6 ஆம்பியர் வேண்டும். சாதாரண போன் சார்ஜரைச் செருகிவிட்டு டாக் ரிப்பேர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

காசிமேடு, ராயபுரம் கடற்காற்றில் கார்டின் தங்கநிறப் பற்கள் மங்கும். ‘கார்டைப் படிக்க முடியவில்லை’ என்று வந்தால் வாயால் ஊதக்கூடாது, எச்சில்தான் படும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் போடுங்கள். சின்னப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுங்கக் கூடாதென்று கார்டில் கசப்புப் பூச்சு உண்டு, பெரும்பாலும் துப்பிவிடும்.

2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2-ல் 256 ஜிபி இருக்கிறது. கேம் ஏற்ற மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் எடுக்கும். பழைய மெமரி கார்டு ஆகாது. கார்டுத் தகராறு இதிலும் தீரவில்லை, ‘கேம்-கீ கார்டு’ என்று பெயர் மாறியிருக்கிறது. அதற்குள் கேமே இருக்காது, சாவி மட்டும்தான். முழுசையும் நெட்டில் இறக்க வேண்டும். ‘சைபர்பங்க் 2077’ 64 ஜிபி கார்டில் முழுசாக வருகிறது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ கீ கார்டு. இரண்டு பெட்டியும் ஒரே அலமாரியில் இருக்கும். முன்பக்கம் அடியில் ஓடும் வெள்ளைப் பட்டையைப் படித்துவிட்டு எடுங்கள்.