குதிவாதத்துக்கு ஊசியா, ஷாக் வேவா, துண்டும் படிக்கட்டுமா?

தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் அண்ணி விடிகாலை மூன்று மணிக்கு எழுவார். கட்டிலை விட்டுக் காலை ஊன்றும் முதல் அடியிலேயே "ஐயோ" என்று சுவரைப் பிடித்துக்கொள்வார். பத்தடி நடந்தால் வலி தணியும். சிமெண்ட் தரையில் நின்று நின்று மத்தியானம் மறுபடி ஏறும். குதிவாதம், அதாவது உள்ளங்கால் சவ்வு குதிகாலில் ஒட்டும் இடத்தில் வரும் வலி, அப்படித்தான் இருக்கும். எனக்கு வந்தது வேறு. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஓடி ஓடி, கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் குதிகாலுக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளித் தடித்துவிட்டது. இரண்டு பேருக்குமே கிடைத்த யோசனை ஒன்றுதான்: "ஷாக் வேவ் போட்டுக்கோங்க." ஒரு கிளினிக்கில் அண்ணியின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை எனக்கு.

பெயரைக் கேட்டு அண்ணி கரண்ட் வைப்பார்கள் என்று பயந்தார். கரண்ட் இல்லை, அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட முறையின் வழியில் வந்தது இது. 2000-ல் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைக் குதிகால் வலிக்கு அனுமதித்தது. கருவியில் இரண்டு வகை உண்டு. ரேடியல் வகையில் அலை தோலருகே பலமாக இருந்து உள்ளே போகப் போகப் பரவித் தேயும். ஃபோகஸ் வகையில் ஆழத்தில் ஓரிடத்தில் குவியும். பல பிசியோதெரபி கிளினிக்குகளில் இருப்பது ரேடியல். எது வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

முதலில் ஊசி. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளிலேயே வலி அடங்கும், ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில வாரங்களோடு சரி. திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையலாம், உள்ளங்கால் சவ்வு கிழியவும் கூடும். அண்ணிக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. ஊசிக்குப் பின் சில நாள் அது எகிறும். அக்கிலிஸிலோ தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. எனக்கு அந்த ஊசி வேண்டவே வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அம்மா சொன்னது எருக்கிலையைச் சுட்ட செங்கல்மேல் வைத்து மிதிப்பது. சூடு கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருக்கும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் செய்யக் கூடாது, புண்ணானதே தெரியாது.

மிச்சம் இருப்பது பயிற்சியும் ஷாக் வேவும். இங்கே வலியின் வயதுதான் தீர்மானிக்கும். ஆறு வாரத்துக்குள் வந்த குதிவாதத்தில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அதில் ஜெயித்தது காசில்லாத நீட்டல் பயிற்சி. அண்ணிக்கு வலி வந்து ஐந்து வாரம். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே பாதத்தை மறுகால் தொடைமேல் போட்டு, கால்விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணுகிறார்; பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஒருநாள் விட்டு ஒருநாள், சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்துக்கொண்டு குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குகிறார். கடையில் வெறுங்காலோடு நிற்பதை விட்டுவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்ததென்று கலங்கினார்; வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும்.

என் வலிக்கு எட்டு மாதம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998-ல் வெளியிட்ட படிக்கட்டுப் பயிற்சியை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன். படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, வலிக்கிற குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக 45 தடவை, மடக்கி 45 தடவை, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். இத்தோடு ஷாக் வேவையும் சேர்த்தால் பயிற்சி மட்டும் செய்வதைவிடப் பலன் கூடுதல் என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் சேர்த்தேன். (வலி குதிகாலெலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும்.)

ஷாக் வேவ் வாரம் ஒன்றாக மூன்று தடவை, தடவைக்கு 2000 அலை அடி. ஜெல் தடவி, துப்பாக்கி போன்ற கருவியை வலிக்கிற புள்ளியில் அழுத்துகிறார்கள். டகடகவென்று மரங்கொத்தி கொத்துவது போல இருக்கும். முதல் இருநூறு அடி பல்லைக் கடிக்க வைத்தது, பிறகு மரத்தது. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு செய்தால் பலன் குறைகிறது. மறுநாளே மாயம் நடக்காது. ஆறு முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2002-லும் ஜெர்மனியில் 2003-லும் வந்த பெரிய குதிவாத ஆய்வுகளில் போலிச் சிகிச்சைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புது வலிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மாதக்கணக்காக ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையாத வலிக்குச் சொல்வேன்.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அந்த இடத்தில் கட்டியோ தொற்றோ உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. இதெல்லாம் விசாரிக்காமலே ஒருவர் கருவியைக் கையில் எடுத்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.