படப்புத்தகம் அச்சடிக்க ராம்நாட்டில் ஒரு அச்சகம்

மண்டபத்தில் நாங்கள் நடத்தும் சிறுவர் நூலகத்துக்காக, பிரான்சில் 1944 ஜூன் 6 அதிகாலை ஜெர்மன் படையிடமிருந்து மீட்கப்பட்ட சான்த் மேர் எக்லீஸ் ஊரைப் பற்றி ஒரு படப்புத்தகம் போட்டோம். ஓவியம், அச்சு இரண்டும் ராமநாதபுரத்தில் ஒரே அச்சகம்தான்.

ஓவியர் கெட்டிக்காரர், ஆனால் முதலில் வரைந்த சர்ச் அச்சு அசலாக நம்ம ஓரியூர் சர்ச்! அங்கே இருப்பது சதுரக் கோபுரம், மேலே இரண்டு பக்கமும் சரியும் கூரை என்று போட்டோ காட்டியதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். பாராசூட் அதில் மாட்டி, செத்தவர் போல நடித்துத் தொங்கிய அமெரிக்க வீரர் ஜான் ஸ்டீல் படம்தான் பிள்ளைகளுக்கு உயிர். ரத்தம் வேண்டாம் என்றோம், புரிந்துகொண்டார்.

வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊர்க்காரர்கள் தீயை அணைக்கும் இரவுக் காட்சி, முதல் புரூஃபில் கருநீலமெல்லாம் கரியாகிவிட்டது, கறுப்பு மையைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் முகங்களே தெரிந்தன. நடுவில் பின் அடிப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், நல்லது. ஆர்ட் பேப்பரும் தரம்.

சொன்ன தேதிக்கு மட்டும் கிடைக்காது. விழா வைத்திருந்தால் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அப்புறம் போன் போட்டுக்கொண்டே இருங்கள்.